சூசை சார் எடுக்க மறுத்த ஐந்தாவது படம்

சென்ற செவ்வாய்க்கிழமை மதியம் சென்னையில் ஒரு தொலைக்காட்சித் தொடரைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது ரோசலின் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. "சார் போயிட்டாரு பாலு. காலைல காபி குடிச்சாரு, அப்படியே சாஞ்சிட்டாரு. நாளைக்கு அடக்கம். வந்துடு." இயக்குநர் மரியசூசையின் மனைவி அவர். சாரின் படங்களைத் தொகுத்தவன் நான். புதுச்சேரிப் பேருந்து காலாப்பட்டைத் தாண்டும்வரை ஒரு கையெழுத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சார் புதுச்சேரி ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகன். முதல் படம் 'மச்சானுக்கு மூணு வாடகை வீடு'. அரங்கம் சிரித்து ஓய்வதற்குள் ஒரு துப்பறியும் படம் எடுத்தார். அடுத்தது 'இரண்டாம் ஷிப்டு'. நடித்தவர்களில் பாதிப் பேர் ஆலை மூடியதால் உண்மையிலேயே வேலை இழந்த பெண்கள். அதில் ஒருத்தி, ஆலை மூடிய மறுநாளும் பழக்கத்தில் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து பூட்டிய கேட்டின் முன் நிற்பாள். வசனமே கிடையாது. அவருடைய படங்களில் தலைசிறந்தது அதுதான். ஒரு வாரம்தான் ஓடியது.

பிறகு 'பதினோராம் நம்பர் பங்களா' என்ற பேய்ப்படம். பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு ஒன்றில் எடுத்தோம். ஊரெல்லாம் ஓடியது. உடனே ஒரு தயாரிப்பாளர் ஒப்பந்தத்தோடு வந்தார். இன்னும் ஐந்து பேய்ப்படங்கள், அவருக்கு மட்டும். அவை முடியும்வரை வேறு சினிமா எடுக்கக் கூடாது.

சார் அதை இரண்டு முறை படித்தார். "இதுல வெளிய போற வாசல் எங்கய்யா இருக்கு?" என்று கேட்டார்.

"போடுங்க சார். அஞ்சும் ரெண்டு வருசத்துல முடிஞ்சிடும். அப்புறம் உங்க இஷ்டம்" என்றேன். எனக்கும் வேலை வேண்டியிருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

அதே பங்களா, அதே மாடிப்படி, அதே வெள்ளைச் சேலை. அந்த ஐந்தில் மூன்றாவது படத்தில் சார், பேயாக வருகிறவளை ஆலைத் தொழிலாளி ஆக்கி, அவள் உயிரோடிருந்த நாட்களைப் பதினோரு நிமிடம் எடுத்திருந்தார். தூக்கச் சொன்னார் தயாரிப்பாளர். நான் தயங்கியபோது சார் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீயே வெட்டு. வேற ஆளு கை பட வேணாம்."

வெட்டினேன்.

நான்கு படங்கள் முடிந்தன. ஐந்தாவதை எடுக்க மாட்டேன் என்று புதுச்சேரியில் குருசுக்குப்பத்துக்கு அருகிலிருந்த தன் வீட்டுக்கே வந்துவிட்டார். "இன்னும் ஒன்னுதானே சார்? எடுத்துட்டா விடுதலை" என்று கெஞ்சினேன்.

"அதையும் எடுத்தா எனக்கு வேற படமே எடுக்கத் தெரியாமப் போயிடும் பாலு."

தயாரிப்பாளரும் ஒப்பந்தத்திலிருந்து விடவில்லை. ஏழு ஆண்டுகள் வேறு படமே இல்லை. தினமும் கடற்கரை வரை நடப்பார், திரும்புவார், நோட்டில் கதை எழுதுவார், அலமாரியில் வைத்துப் பூட்டுவார். ஒருநாள் தாங்க முடியாமல், "என்னாலதானே சார் எல்லாம்?" என்றேன். "நீ சொன்ன, நான் போட்டேன். கை என்னுதுதானே" என்றார். அதற்குப் பதில் அவர் என்மேல் கோபப்பட்டிருந்தால் தேவலை.

அடக்கம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது குருசுக்குப்பத்திலிருந்து செல்வி என்ற பெண் கணவரோடு வந்தாள். கையில் ஒரு சிடி. "எங்க கல்யாணத்துக்கு வீடியோக்காரரு வரலங்க. சார்தான் எடுத்துத் தந்தாரு. யாருகிட்டயும் சொல்லாத, கேசு போட்ருவாங்கன்னாரு."

ரோசலின் அக்காவுக்கே அது தெரியாது. போட்டுப் பார்த்தோம். பந்தியில் ஒரு கிழவர் யாருக்கும் தெரியாமல் இரண்டாவது ஜாங்கிரியை மடியில் முடிகிறார். செல்வியின் அம்மா கூட்டத்துக்கு நடுவே யாரையோ தேடுகிறார். மாப்பிள்ளை மெட்டி போடக் குனிந்து, தடுமாறி, மணப்பெண்ணின் காலடியில் பொத்தென்று உட்காருகிறார். படம் குலுங்குகிறது. கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. அடக்கப் பார்த்து, முடியாமல், வாய்விட்டு.

சார்தான். இந்த ஏழு ஆண்டுகளில் அந்தச் சிரிப்பை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

சென்று வாருங்கள், சார்.