உர்கேன் போயாச்சா?

உறைந்த ஆற்றின் நடுவில் போய் நின்று, கயிறு கட்டிய இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உர்கேன் ஒரு குதி குதிக்கிறான். தொம்மென்ற அந்தச் சத்தம் இரண்டு பக்கப் பாறைச் சுவரிலும் மோதித் திரும்பி வருகிறது. காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்கிறான். பிறகு எங்கள் பக்கம் திரும்பிப் பல் தெரியச் சிரிக்கிறான்.

"வாங்க. என்னையே தாங்குது, உங்களைத் தாங்காதா?"

குளிர்காலத்தில் கணவாய்கள் மூடியதும் சான்ஸ்கார் பள்ளத்தாக்கிலிருந்து லே நகருக்குப் போக எங்களுக்கு இந்த மலையிடுக்கில் உறைந்து கிடக்கும் ஆற்றை விட்டால் கதியில்லை. எதிரே வருகிறவர்களிடம் மற்ற ஊர்க்காரர்கள், "ஐஸ் எப்படி இருக்கு?" என்று விசாரிப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கேட்பது வேறு: "உர்கேன் போயாச்சா?" போயாச்சு என்று பதில் வந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. தட்டிப் பார்க்கும் தடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

எங்கள் பள்ளத்தாக்கில் சதை பிடித்த ஆளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஏறி இறங்கியே எல்லோரும் வற்றிப்போனவர்கள். உர்கேன் மட்டும் எப்படியோ தப்பித்துவிட்டான். கோடையில் ஓடைக்கரை மாவரைக்கும் கொட்டகை அவன் பொறுப்பு. அரைத்துக்கொண்டே வறுத்த வாற்கோதுமை மாவை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொள்வான். புருவத்தில் எப்போதும் மாவு இருக்கும். அவன் வீட்டு ஏணிப் படிகள் மற்ற வீட்டு ஏணிகளைப் போல் இரண்டு மடங்கு தடிமன். அவன் எடை என்னவாக இருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகுநாளாக ஆசை. வெண்ணெய் நிறுக்கும் பெரிய தராசில் ஏறச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்திருக்கிறேன்.

"ஏண்ணே, என்னை விக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவான்.

பனிக்கட்டியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் வேடிக்கை. அதற்குத் துண்டுப் என்கிற என் மாமன் இருக்கிறார். தடியால் தட்டி, நிறம் பார்த்து, முகர்ந்துகூடப் பார்த்து, அரைமணி நேரம் வாதாடிவிட்டு அவரும் கடைசியில் உர்கேனைத்தான் முன்னால் அனுப்புவார். "எனக்கு ஐஸைப் பாக்கத் தெரியாதுண்ணே. ஐஸுக்கு என்னைப் பாக்கத் தெரியும்" என்பான் அவன்.

உடைந்து உள்ளே விழுந்ததும் உண்டு. அப்போதெல்லாம் கயிற்றைப் பிடித்திருக்கிறவர்கள் ஒன்றுசேர்ந்து இழுத்துப் போடுவோம். ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் காலைத் தேய்ப்போம். ஆறு ஒதுக்கிப் போட்ட சுள்ளிகளை எரித்துக் கம்பளி அங்கியை உலர்த்துவோம். உப்புத் தேநீரில் முஷ்டியளவு வெண்ணெய் அவனுக்கென்று விழும். அந்த வெண்ணெய்க்காகவே விழுகிறானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஒருநாள் கேட்டும்விட்டேன்.

"ஒரே ஒரு தடவைண்ணே" என்றான்.

வழி நெடுக அருவிகள் விழுந்தபடியே உறைந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டு உருட்டுவது அவன் வழக்கம். "இதுல இரும்பு வாசம் அடிக்குது." "இது ஆட்டுப்பட்டி வழியா வந்த தண்ணி, நீ திங்காத." எல்லா அருவிக்கும் பேர் வைத்திருக்கிறான். மஞ்சள் பாரித்த ஒன்று துண்டுப் மாமாவின் பல். மடிப்பு மடிப்பாகத் தொங்குவது மணப்பெண் பாவாடை. ஆற்றையே பாதி அடைத்துக்கொண்டு இறங்குவது கிழவன் தாடி. பாறை ஏறச் சொன்னால் மட்டும் அழாத குறைதான். பனி உடைந்த இடங்களில் நாங்கள் சுவரைத் தொற்றிக்கொண்டு போய்விடுவோம். அவனை மூட்டையைப் போல் கயிறு கட்டித் தூக்க வேண்டும்.

இந்தக் குளிர்காலத்தில் அவனிடம் சில விஷயங்கள் எனக்குப் பிடிபடவில்லை. ஒருமுறைகூட விழவில்லை. இந்த வருஷம் பனி கெட்டி என்று ஊரே மெச்சிக்கொண்டது. தேநீர்க் கிண்ணத்தில் மிதந்த வெண்ணெயை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். கழுத்துத் துண்டைக் கண் வரைக்கும் சுற்றியிருந்தான். இலையுதிரும் காலத்தில் கார்கிலுக்குப் போய் வெகுநாள் கழித்துத் திரும்பினானே, என்ன வேலை என்று கேட்டேன். "சும்மா, ஊர் பாக்க" என்றான். கார்கிலில் அவ்வளவு நாள் பார்க்க என்ன இருக்கிறது?

லோசர் புத்தாண்டுப் பண்டிகை முடிந்த கையோடு, கூரையில் பனி தள்ளிக்கொண்டிருந்த என் அக்கா யாங்சன் வழுக்கிக் கீழே விழுந்தாள். இடுப்பெலும்பு போய்விட்டது. லேயில்தான் அறுக்க முடியும் என்றார்கள். ஹெலிகாப்டரை மேகம் விடவில்லை. அக்காவைப் போர்வையில் சுருட்டிச் சறுக்கு வண்டியில் கட்டி, நானும் துண்டுப் மாமாவும் இழுக்க, உர்கேன் முன்னால் நடக்க, ஆற்றில் இறங்கினோம். வலியை அக்கா வசவாக மாற்றிக்கொண்டு வந்தாள். "பிணத்தைக்கூட இதைவிட மரியாதையா இழுப்பாங்கடா" என்று எனக்குத் திட்டு விழும். உர்கேனை மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள். வளைவுக்கு வளைவு, படுத்தபடியே, "உர்கேன் போயாச்சா?" என்று கேட்பாள். போயாச்சு என்றதும் கண்ணை மூடிக்கொள்வாள்.

கிழவன் தாடிக்கு எதிர்க்கரையில் ஒரு வெந்நீர்க் கசிவு உண்டு. பனியை அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். மற்ற நாளில் நாங்கள் பாறையில் ஏறிப் போய்விடுவோம். இடுப்பு உடைந்தவளை அதில் ஏற்ற முடியாது. துண்டுப் மாமா தட்டினார், முகர்ந்தார், உதட்டைப் பிதுக்கினார். உர்கேன் கயிற்றைக் கட்டிக்கொண்டு போனான். நடுவில் குதித்தான். தொம். அக்கரை ஏறினான்.

"உர்கேன் போயாச்சா?"

"போயாச்சுக்கா."

வண்டியை இழுத்தோம். முன்கட்டை பனியில் ஏறியதும் அக்கரையிலிருந்து குரல் வந்தது.

"நில்லுங்க! இழுக்காதீங்க!"

அவன் திரும்பி வந்தான். சிரிப்பில்லை. எங்கள் முன்னால் நின்று கயிற்றையும் இடுப்புக் கச்சையையும் அவிழ்த்தான். ஒரு அங்கியைக் கழற்றினான். அதனடியில் இன்னொன்று. அதையும் கழற்றினால் ஒரு ஆட்டுத்தோலை வயிற்றில் சுற்றிக் கட்டியிருந்தான். அதையும் அவிழ்த்துக் கீழே போட்டான். உள்ளே எங்களைப் போலவே வற்றிப்போன ஒரு ஆள் நின்றான். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

அக்காதான் முதலில் வாய் திறந்தாள். "டேய்... மீதி உர்கேன் எங்கடா?"

"கார்கில் ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்துட்டேன்கா. வயித்தை அறுத்தாங்க. வெண்ணெய் கூடாதுன்னுட்டாங்க."

துண்டுப் மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்தக் குளிர் முழுக்க உன்னை நம்பி ஊரே நடந்துதேடா! பச்சப் புள்ளைங்க நடந்துதேடா! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னா என்னைக் கடைசியில நடக்க விட்டுருப்பீங்க மாமா" என்றான். "ஐஸு நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன். அக்கா என் பேரைக் கேட்டுக் கண்ணை மூடுனப்போதான் முடியல."

எனக்கு ஆத்திரம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அவனை அறையலாம் என்று போன கை, கழற்றிப் போட்ட அங்கியை எடுத்து அவன் தோளில் போர்த்தியது. அந்தக் குளிரில் வேறென்ன செய்ய?

அவன் இரண்டு அங்கியையும் மாட்டிக்கொண்டு கச்சையை இறுக்கிக் கயிற்றைத் திரும்பக் கட்டினான். கரையோரம் போய்க் கற்களைப் பொறுக்கிக் கச்சைக்கு மேலே அங்கியின் நெஞ்சு மடிப்புக்குள் போட ஆரம்பித்தான். கல்லை வண்டியில் ஏற்றிக் கயிற்றில் விட்டுப் பார்த்திருக்கலாமே என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பனி தாங்குமா என்றால் உர்கேன் நடந்து பார்க்க வேண்டும், எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒருத்தருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

"கல்லோட விழுந்தா மேல வரமாட்டடா" என்றேன்.

"கயிறு உன் கையில இருக்குல்ல."

"வேண்டாம்டா" என்றாள் அக்கா. "பாறையில தூக்கிட்டுப் போகட்டும். வலிச்சா வலிக்குது."

"உன்னைத் தூக்கிட்டு ஏறுனா மாமாவுக்கு இடுப்பு போயிரும்கா. வண்டியில இன்னொருத்தருக்கு இடமில்ல."

மடிப்பு பழைய தொந்தி அளவுக்குப் புடைத்ததும் நிறுத்தினான். வண்டியில் கிடந்த அக்காவை ஒருமுறை பார்த்தான். குனிந்து இன்னும் இரண்டு கல் எடுத்துப் போட்டுக்கொண்டான்.

நடுவில், முன்பு குதித்த அதே இடத்துக்குப் போனான். இந்த முறை குதிக்கவே இல்லை. கால் வைத்ததும் அவனுக்குக் கீழே வெள்ளைக் கோடு ஒன்று கிழித்துக்கொண்டு ஓடியது. அக்கா என் கையைப் பிடித்தாள். மற்ற கையில் நான் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். உர்கேன் மூச்சு விடாமல் நின்றான். பிறகு காலைத் தூக்காமல் தேய்த்தபடியே இந்தப் பக்கம் நகர்ந்து, கிழவன் தாடியின் அடிவாரத்துக்கு வந்தான். அருவி வழிந்து வழிந்து கெட்டியான இடம் அது. தலைக்கு மேல் ஈட்டி ஈட்டியாகப் பனி தொங்கியது. அதை ஒட்டியே ஒவ்வொரு அடியாக அளந்து போனான். நடுவழியில் தொந்தியை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு குதித்தான். கற்கள் கடகடத்தன. பனி அசையவில்லை.

அருவியின் முடிவில் ஆறு குறுகிப் பனி தடித்திருந்தது. அங்கே கடந்து அக்கரை ஏறினான். அவன் போன தடத்திலேயே, ஒரு விரல் அப்படி இப்படிப் போகாமல், வண்டியை இழுத்தோம். அக்கா ஒருமுறைகூடத் திட்டவில்லை. கரை ஏறியதும் துண்டுப் மாமா உட்கார்ந்துவிட்டார். நான் பொட்டலத்திலிருந்து மாவை எடுத்துத் தேநீரில் பிசைந்து எல்லோருக்கும் கொடுத்தேன். உர்கேனுடையதில் வெண்ணெய் போடவில்லை. மாமா அவன் பக்கம் திரும்பவே இல்லை. தின்று முடித்ததும் அவரே எழுந்து கயிற்றை எடுத்து அவன் இடுப்பில் சுற்றிக் கட்டினார்.

"சரி, கல்லைக் கொட்டுடா இனிமே" என்றாள் அக்கா. "எதுக்கு வீண் சுமை?"

எதிரே அடுத்த வளைவு தெரிந்தது. உர்கேன் கச்சையை இன்னொரு சுற்று இறுக்கிக்கொண்டான். புடைத்த மடிப்பை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, முன்னால் நடந்தான்.