சொல்லாமல் விட்ட குடங்கள்

பம்பாய்க்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. இன்னமும் ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. காலையில் குழாயடி வரிசையில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தால், பக்கத்து வீட்டு மராட்டிக்காரி குசும், "க்யா அக்கா, கைசா ஹை?" என்பாள். எப்படி இருக்கிறாய் என்கிறாள், அவ்வளவுதான். 'ஏதோ இருக்கோம்' என்பதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் தலையை ஆட்டி வைப்பேன். அதே கேள்வியை அவளிடம் கேட்டால், "ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று பட்டென்று பதில் வரும். மழையில் கூரை சரிந்து சாமானெல்லாம் நனைந்த அன்றைக்கும் அவள் ஃபர்ஸ்ட் கிளாஸ்தான். நம் ஊரில் இப்படி ஒருத்தி சொன்னால் திமிர் பிடித்தவள் என்பார்கள். கொட்டடி நிறையக் கருப்பட்டி அடுக்கி வைத்திருப்பவரும் 'ஏதோ கர்த்தர் கிருபையில ஓடுது' என்றுதானே சொல்லுவார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். தாராவியில் எங்கள் சந்துப் பெண்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுப்பது நான்தான். எத்தனை கடிதம் எழுதினேனோ, அத்தனையிலும் 'நாங்கள் ஏதோ இருக்கிறோம்' என்றுதான் எழுதியிருக்கிறேன்.

இந்த வழக்கம் என்னவோ அடக்கம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பயம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எனக்கு முதலில் பிறந்தவன் சாமுவேல். திருச்செந்தூர்ப் பக்கம் எங்கள் தேரிக்காட்டு ஊருக்கு விருந்தாளியாக வந்த ஒரு அம்மாள், பதினோரு மாதப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "தேக்குல கடைஞ்ச மாதிரி இருக்கானே" என்றாள். நானும் பூரித்துப்போய், நிற்கிறான், கை தட்டுகிறான், மாமா என்கிறான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாலாம் நாள் வயிற்றுப்போக்கு. ஆறாம் நாள் பிள்ளை இல்லை. "வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்தியா" என்று மாமியார் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அதன்பிறகுதான் என் வீட்டுக்காரருக்கு மாகிமில் லேத்துப் பட்டறை வேலை கிடைத்து இங்கே வந்தோம். அந்தக் கேள்வியும் கூடவே ரயிலேறி வந்தது.

இங்கே வந்த இரண்டாம் வருடம் பியூலா பிறந்தாள். பிறந்ததும் அழவில்லை, நீலம் பாரித்துக் கிடந்தாள். கழுத்து நிற்க ஒரு வருடம், நடக்க மூன்று வருடம். வலது காலை இழுத்துத்தான் நடப்பாள். பேச்சு வரவில்லை. அம்மா என்றுகூட இல்லை, வெறும் 'ஆ' மட்டும்தான். ஆனால் அவளிடம் ஒன்று இருந்தது. எங்கள் குழாயில் தண்ணீர் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. நின்றால் நிரம்பாத குடமெல்லாம் அப்படியே கிடக்கும். அலுமினியக் குடம், தகரக் குடம், நெளிந்தது, நெளியாதது என்று நாற்பதுக்குக் குறையாது. பெண்கள் எது யாருடையது என்று சண்டை பிடித்துக்கொண்டிருக்கும்போது பியூலா உள்ளே நுழைவாள். ஒரு குடத்தின் கழுத்தைப் பிடித்துக் கரகரவென்று தரையில் இழுத்துக்கொண்டு போய், சரியாக அதற்கு உடையவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வருவாள். பிறகு அடுத்தது. ஒருநாளும் வீடு மாறியதில்லை. நாலு வயதுகூட நிறையவில்லை அப்போது. "ஏக்தம் ஹுஷார் லடுகி" என்று குசும் அவளைத் தூக்கிக் கொஞ்சுவாள். ரொம்பக் கெட்டிக்காரப் பெண் என்று அர்த்தம். நான் பிள்ளையை வெடுக்கென்று அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறவள், அன்றைக்குச் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு உப்பும் மிளகாயும் பிள்ளையின் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவேன். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் செய்தேன்.

பாகிஸ்தான் சண்டைக்காக விளக்கை அணைத்து வைத்திருந்தோமே, அதற்கு அடுத்த வருடம் என் வீட்டுக்காரர் பட்டறையில் ஒரு செய்தி கேள்விப்பட்டு வந்தார். செம்பூரில் ஒரு பங்களாவின் கீழ்த்தளத்தில் இப்படிப்பட்ட சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்பு நடக்கிறது. எட்டே பிள்ளைகள். கை, கால், வாய் எல்லாவற்றையும் பழக்குவார்கள். ஒரு இடம் காலியாக இருக்கிறது. ஆனால் முதலில் ஒரு டாக்டரம்மா பிள்ளையைச் சோதித்துப் பார்ப்பாள். சொன்னால் விளங்கிக்கொள்ளும் பிள்ளை என்று அவளுக்குத் தோன்றினால்தான் எடுப்பார்கள். தானும் வருகிறேன் என்று குசும் நல்ல சேலை கட்டிக்கொண்டு நின்றாள். அவள் வந்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். வேற்று ஆளை உள்ளே விடமாட்டார்களாம் என்று பொய் சொல்லி அவளை நிறுத்திவிட்டு, சயானில் பஸ் மாறிப் போனேன்.

டாக்டரம்மா பார்சிக்காரி, நரைத்த தலை, கவுன். அவள் இங்கிலீஷில் கேட்க, மாட்டுங்காவிலிருந்து உதவிக்கு வரும் ஒரு மாமி தமிழில் சொன்னாள். மேசையில் மரக்கட்டைகள், கோக்கிற பாசிமணிகள், படம் போட்ட அட்டைகள். பியூலா ஒன்றையும் தொடவில்லை. தலைக்குப் பின்னால் மணி அடித்தார்கள்; என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். டாக்டரம்மா கோபப்படவில்லை. மாமி சொன்னாள்: "கொழந்தை புது எடத்துல பயந்துண்டிருக்கு, அதனால பரவாயில்லேங்கறா. இங்க பண்ணாட்டாலும் ஆத்துல என்னென்ன பண்றதுன்னு நீங்க சொன்னாப் போறும்ங்கறா. அம்மாவுக்குத் தெரியாததா?" அறைக் கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் இரண்டு தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். அவர்கள் கண் பியூலாவின் மேலேயே இருந்தது. ஒருத்தி லேசாகச் சிரித்தாள். எனக்குத் தேரிக்காட்டு வீட்டில் நின்ற அந்த விருந்தாளி அம்மாள் கண் முன்னால் வந்தாள்.

"என்னத்தம்மா செய்வா. ஏதோ இருக்கா" என்றேன்.

"அவ சாமான்லாம் அடையாளம் தெரியுமா? தன் தட்டு, தன் டம்ளர், அந்த மாதிரி?"

நாற்பது குடமும் என் தொண்டை வரைக்கும் வந்து நின்றன. "தெரியாதும்மா."

"ஒண்ணுமே தெரியாதா?"

"ஒண்ணும் தெரியாது."

பிறந்தபோது அழாதது, கழுத்து நிற்காதது, கால் இழுப்பது எல்லாவற்றையும் மடமடவென்று ஒப்பித்தேன். குறையைச் சொல்ல நமக்குக் கூச்சமில்லை. குறையின் மேல் யார் கண் வைக்கப்போகிறார்கள். டாக்டரம்மா எழுதிக்கொண்டே இருந்தாள். பஸ்ஸில் திரும்பும்போது பியூலா என் மேல் சாய்ந்து தூங்கினாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. பிள்ளையைப் பத்திரமாக மறைத்துக் கொண்டுவந்து விட்டேன் என்றிருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு என் பிள்ளையைக் கெடுத்தேன்.

ஒரு வாரத்தில் இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தது. பட்டறைக் கிளார்க்கிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தார் என் வீட்டுக்காரர். இந்த வகுப்பில் பழக்குவதற்கு ஏற்ற நிலையில் பிள்ளை இல்லை, வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்ளவும் என்று இருந்ததாம். சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, நீ குடத்தச் சொன்னியா?"

"நாலு பேருக்கு முன்னால எப்படிங்க சொல்ல? கண்ணு பட்டுட்டுன்னா?"

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சாமுவேல ஒரு கண்ணும் கொண்டு போகலட்டி. கெட்ட தண்ணி கொண்டு போச்சி" என்றார். ஊரை விட்டு வந்த பிறகு அந்தப் பெயரை அவர் சொன்னது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை அடங்கவில்லை.

மறுநாளே கிளம்பினேன். எங்கள் குடம் ஒன்று, குசும் குடம் ஒன்று, இரண்டையும் பஸ்ஸில் ஏற்ற கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு செம்பூர் போய்ச் சேர்ந்தேன். டாக்டரம்மா வருகிற நாள் இல்லை. மாமி மட்டும் இருந்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நல்ல மனுஷிதான், என் கையைப் பிடித்துக்கொண்டாள். "காக்காய்க்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, எனக்குப் புரியறதும்மா. ஆனா போன வாரம் ஒண்ணும் தெரியாதுன்னேள், இன்னிக்கு நாப்பது கொடம் தெரியும்ங்கறேள். டாக்டர்ட்ட நான் எதைச் சொல்றது?" நீங்களே பாருங்கள் என்று இரண்டு குடத்தையும் வராந்தாவில் வைத்து, "பியூலா, குசும் குடத்தக் குடு" என்றேன். என் மகள் இரண்டையும் பார்த்தாள். குசும் குடத்தின் கழுத்தைச் சரியாகப் பிடித்தாள். இழுத்துக்கொண்டு வராந்தாவைத் தாண்டி, படி இறங்கி, கேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். குசும் வீட்டு வாசலைத் தேடித்தான் போகிறாள் என்று எனக்குத் தெரியும். மாமிக்கு எப்படித் தெரியும்? "ஐயோ, பிடிங்கோம்மா, ரோட்டுக்கு ஓடறது" என்று பதறினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த இடத்தில் முந்தாநாளே வேறு குழந்தையைச் சேர்த்துவிட்டதாகவும் சொன்னாள். நான் ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் குடங்களுமாகத் திரும்பி வந்தேன்.

அந்த வருடக் கடைசியில் ஊரிலிருந்து என் நாத்தனார் வந்தார். பிள்ளையில்லாதவர், பியூலாவின் மேல் உயிர். "படிப்புத்தான் கெடையாதுன்னு எழுதிக் குடுத்துட்டாவளே. இந்தச் சாக்கடைக்குள்ள வச்சி என்ன செய்யப் போற? தேரி மணல்ல நடந்தாக் காலாவது நேராகும்" என்றார். மறுக்க என் கையில் என்ன இருந்தது, அந்தக் காகிதத்தைத் தவிர? பியூலா அவரோடு ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையும் தண்ணீர் பாதியில் நின்றது. பியூலா குடம் இழுத்துக்கொண்டிருந்தாள். ரயிலுக்கு நேரமாகிறது என்று கூப்பிட்டேன், வரவில்லை. கையிலிருந்ததை அதன் வாசலில் வைத்துவிட்டுத்தான் வந்தாள்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. இப்போதும் விடியும்போது சந்தில் குடம் இழுபடும் சத்தம் கேட்டால் கதவைத் திறந்துவிடுகிறேன். யாரோ ஒருத்தி தன் குடத்தைக் காலால் தள்ளிக்கொண்டு போவாள். குடம் மாறிப்போனால் குசும் பழக்க தோஷத்தில் "பியூலா" என்று குரல் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொள்கிறாள். மாதம் ஒரு கடிதம் வருகிறது. 'பியூலா ஏதோ இருக்கிறாள். கவலைப்படாதே' என்று நாத்தனார் எழுதுகிறார். இந்த வரியை எத்தனை பேருக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம். பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாளா? இல்லை, பேசவே ஆரம்பித்துவிட்டாளா, கண் பட்டுவிடும் என்று எனக்கே சொல்லாமல் வைத்திருக்கிறார்களா? 'மதினி, எனக்கு மட்டுமாவது உள்ளதை எழுதுங்கள்' என்று கெஞ்சி எழுதினேன். பதில் வந்தது. ஏதோ இருக்கிறாளாம்.

இன்று காலை குழாயடியில் குசும் கேட்டாள், "பியூலா கைசி ஹை?" என்ன நினைத்தேனோ, "ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றேன். அதோடு நிற்கவில்லை. புதிதாகக் குடிவந்த பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். பியூலாவைப் பார்த்தே இராதவர்கள். அவர்களிடம் என் ஓட்டை இந்தியில், என் மகளுக்கு நாற்பது குடமும் நாற்பது வாசலும் தெரியும், ஒருநாளும் தப்பியதில்லை, அப்போது அவளுக்கு நாலு வயதுகூட நிறையவில்லை என்று சொன்னேன். செம்பூரில் சொல்லியிருக்க வேண்டிய ஒவ்வொன்றையும் சொன்னேன். அவர்கள் கண்ணை அகல விரித்தார்கள். ஒருத்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். குடத்தைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடி, மூன்று மிளகாயும் ஒரு பிடி உப்பும் அள்ளினேன். அள்ளிய பிறகுதான் உறைத்தது. அடுப்பு இங்கே எரிகிறது. சுற்றிப்போட வேண்டிய தலை தேரிக்காட்டில் இருக்கிறது. உப்பு உள்ளங்கையில் கசியத் தொடங்கியது. எந்தப் பக்கம் பார்த்துச் சுற்றுவது என்று தெரியாமல் அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.