வேலிக்கு அப்பால் இருந்த ராகம்

அம்மா இறந்த வருடம் எனக்கு ஒன்பது வயதிருக்கும். யுத்த காலம், அரிசி கூப்பனுக்குத்தான் கிடைக்கும். அப்பா விடியுமுன் கடலுக்குப் போனால் பொழுது சாயத்தான் கரைக்கு வருவார். வந்தாலும் கதைக்கமாட்டார். வீட்டில் நானும் பூனையும்தான். பூனையும் மீன் வரும் நேரத்துக்குத்தான் வீட்டை நினைக்கும். தனியாக இருக்கப் பயமில்லை, பேச ஆளில்லாததைத்தான் தாங்க முடியவில்லை.

தவக்காலம் வந்தபோது ஊருக்கும் அம்மா இல்லாத குறை தெரிந்தது. பெரிய வெள்ளியன்று கோயிலில் பாடும் பசாம் என்ற ஒப்பாரிப் பாட்டில், சிலுவையடியில் மாதா அழுவதாக வரும் கடைசிப் புலம்பலை எப்போதும் அம்மாதான் தனியாகப் பாடுவார். சொற்கள் கோயில் புத்தகத்தில் இருந்தன. ராகம் அம்மாவோடு போய்விட்டது. பெண்கள் ஆளுக்கொரு விதமாக இழுத்துப் பார்த்துச் சண்டையில் முடித்தார்கள். மகளுக்குத் தெரியாமல் இருக்குமா என்று பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் குரலே மறந்துபோகிறதோ என்று பயந்து அழுதேன்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் மாமி, அம்மா பாடிப் பழகுவதை வருடா வருடம் வேலிக்கு அப்பால் இருந்து கேட்டவர். அவர்கள் வீட்டில் நபி புகழான மவ்லூது ஓதும் மாலைகளில், இடிக்கும் சத்தம் இடைஞ்சலாகுமென்று அம்மாவும் உரலில் கை வைக்கமாட்டார். விஷயம் கேள்விப்பட்டு மாமியே என்னைக் கூப்பிட்டார்.

"பாட்டுச் சொல்லெல்லாம் ஒங்கட வேதத்துக்குரியது. என்ட வாயால சொல்ல ஏலாது மகள். ராகத்தை மட்டும் தாரன்."

பன்புல்லில் பாய் இழைத்தபடியே வாயைத் திறக்காமல் முணுமுணுத்தார். அம்மா மூச்சு வாங்கும் இடத்தில் மாமியும் மூச்சு வாங்கினார். நான் சொற்களைப் போட்டுப் பாடினேன். அப்போது மட்டும் அவர் குனிந்து பாயைப் பார்த்துக்கொள்வார்.

முடித்தால், ஏதாவது ஓர் இழுப்பு சரியில்லை என்பார். நாளைக்கும் வரச் சொல்வார். அவித்த மரவள்ளிக்கிழங்கு தந்து, தலை வாரிப் பின்னியும் விடுவார். என் குரல் அவ்வளவு மோசமா என்று வெட்கமாக இருக்கும்.

பெரிய வெள்ளியன்று பாடினேன். பெண்கள் விம்மினார்கள். அப்பா எழுந்து தூணுக்குப் பின்னால் போய் நின்றார். பிழையாகப் பாடிவிட்டேன் என்றே நினைத்தேன்.

உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு முடிந்த மறுநாள் அப்பா கடலுக்குப் போய்விட்டார். வீடு பழையபடி வெறிச்சென்று கிடந்தது. வேலிக்கு மேலால் மாமியின் முகம் தெரிந்தது.

"அந்தக் கடைசி இழுப்பு இன்னும் சரியில்ல மகள். வாங்க."

பாடி முடிந்த பாட்டுக்கு இனி என்ன திருத்தம் என்று எனக்குக் கோபம் வந்தது. அடுத்த பெரிய வெள்ளிக்கு முழுசாக ஒரு வருடம் கிடக்கிறதே என்று முனகிக்கொண்டு, சீப்பையும் எடுத்துக்கொண்டு போனேன்.