ஷூவில் ஒட்டிய அம்பு

அறுபத்தொரு வயதில் எனக்கு கோல்ஃப் பைத்தியம் பிடித்தது. ஆட்டம் தேறத் தேற ஹேண்டிகேப் என்ற எண் குறையும். அதை இருபதுக்குக் கீழே இறக்கத் துடித்தேன்.

அன்று பந்து புதரோரம் சிக்கியது. யாரும் பார்க்கவில்லையென்று ஷூ நுனியால் வெளியே தள்ளிவிட்டேன். எண் பத்தொன்பது ஆனது. எங்கள் பனியன் கம்பெனியில் முப்பது வருடம் செக்கிங் பார்த்த மனைவி கூடவேதான் நடந்து வந்தாள்.

மறுநாள் ஷூவை எடுத்தால், நுனியில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். துணியில் பழுது இருக்கும் இடத்தில் ஒட்டுவது.

"ஏனுங்க, ஒரு தையல் விட்டிருந்தாலே பீஸை ரிஜெக்ட் பண்ணுவீங்களே?" என்றாள்.

கிளப்புக்குப் போய் உண்மையைச் சொல்லி, அந்த ஆட்டத்தை நீக்கச் சொன்னேன். எண் மறுபடி இருபது. வெளியே காத்திருந்தவள் குனிந்து ஸ்டிக்கரை உரித்தாள்.

"இப்ப பாஸுங்க."

எங்கள் சரக்கை வாங்க வந்த எத்தனையோ பையர்கள் சொன்ன வார்த்தைதான். அன்றுதான் அதற்குக் கண் கலங்கினேன்.