நான்கு கணினிகளில் ஓடிய சேப்பல்

ஒரகடத்தில் கார் என்ஜினுக்கு அலுமினிய உறைகள் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில், வடிவமைப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். உருகிய அலுமினியம் பாயும் எஃகு அச்சை டை என்போம். ஒரு டை திரும்பத் திரும்ப ஒரே மூலையில் விரிசல் விட்டது. அதற்குள் சூடு எப்படிப் பரவுகிறது என்று கணக்கிட நான் எழுதியிருந்த புரோகிராம் ஒரு நாள் முழுக்க ஓடும். டையைக் குளிர்விக்க நீர் ஓடும் துளையைக் கணக்கில் சற்று நகர்த்திப் பார்க்க இன்னொரு நாள்.

பிரிவுக்குப் புதிய கணினிகள் வந்ததில் பழையவை நான்கு சும்மா கிடந்தன. அவற்றை இணைத்து ஒரே கணக்கைப் பங்குபோட்டுச் செய்யவைக்கலாம் என்று தோன்றியது. அதற்கென்றே உருவான சேப்பல் என்ற மொழி எனக்குக் கல்லூரியிலிருந்தே கொஞ்சம் தெரியும். புரோகிராமை அதில் மாற்றி எழுதினேன். கணினிகளைப் பராமரிக்கும் சிஸ்டம் அட்மின், வல்லக்கோட்டைக்காரர், திரையைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னா பாஷை மேடம் இது? டவுட்டுன்னு நெட்ல தேடுனா நாலு பேருதான் பேசிக்கினு கீறாங்க.”

“நம்மகிட்டயும் நாலு மெஷின்தானே இருக்கு.”

நான்கிலும் ஓட்டியபோது, ஒன்றில் ஓடியதைவிட மெதுவாக ஓடியது. மேனேஜர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அப்போது எனக்கு ஏழாம் மாதம். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலிறங்கி ஷேர் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு வர வேண்டாம், சீக்கிரமே லீவு போடு என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதை முடித்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

காரணத்தை முதலில் கவனித்தவர் அட்மின்தான். “மேடம், மூணு மெஷின் தூங்கிக்கினு கீது. ஒண்ணுதான் ஓடுது. ஆனா நெட்வொர்க் மட்டும் ஃபுல்லா கீது.”

எண்களை நான்கு கணினிகளுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தேன்; வேலையைப் பிரிக்கவில்லை. முதல் கணினி ஒவ்வோர் எண்ணையும் மற்றவற்றிடமிருந்து வாங்கி, கணக்குப் போட்டு, திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. சில வரிகளை மாற்றி, ஒவ்வொரு கணினியும் தன்னிடமுள்ள எண்களைத் தானே கணக்கிடும்படி செய்தேன். காலையில் தொடங்கிய கணக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தது. துளையைப் பல இடங்களில் வைத்து ஓட்டிப் பார்த்ததில் சரியான இடம் கிடைத்தது. திருத்திய டையில் அந்த மூலை விரிசல் விடவில்லை.

மேனேஜருக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் கேட்டார், “நீங்க லீவுல போயிட்டா இத யாரு பார்ப்பா?”

“நான் பார்த்துக்கிறேன் சார்” என்றார் அட்மின்.

“உங்களுக்கு இந்த லாங்குவேஜ் தெரியுமா?”

“ஓட்டத் தெரியும் சார். எழுதத் தெரியாது.”

மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார்.

பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது நான்கு கணினிகளும் அங்கே இல்லை. வெளியிலிருந்து வாங்கிய மென்பொருள் ஒன்று வந்திருந்தது. அட்மின்தான் விஷயத்தைச் சொன்னார்.

“கொஞ்ச நாள் நான்தான் ஓட்டினு இருந்தேன் மேடம். அப்பால புது டை வந்துச்சு, புரோகிராம்ல மாத்தணும்னாங்க. உங்களுக்குப் போன் போடலாம்னு எடுத்தேன். கைக்கொயந்தயோட இன்னா கஷ்டத்துல கீறீங்களோன்னு வுட்டுட்டேன்.”

“கூப்பிட்டிருக்கலாமே” என்றேன்.

கூப்பிட்டிருந்தால் எடுத்திருப்பேனா என்று தெரியவில்லை. அந்த மாதங்களில் பல அழைப்புகளை நான் எடுக்கவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. அன்று மதியமே புதிய மென்பொருளுக்கான பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் அட்மினும் இருந்தார். இந்த முறை அதில் புரோகிராம் எழுதவும் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னார்.