விம்கோ நகர் முதல் ராயபுரம் வரை: ரயிலை ஆட்டோவில் துரத்திய காலை

போன வாரம் ஒரு வாசகர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்: "திருவொற்றியூர் கோயில், எண்ணூர் கடற்கரை எல்லாம் பார்க்கக் குடும்பத்தோடு வருகிறோம். லோக்கல் ட்ரெயினை நம்பலாமா?" ஒரே வரியில் பதில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. வயிற்றெரிச்சல் அப்படி. அதனால் போன வருஷம், 2007-ல், ஒரு திங்கட்கிழமை காலை நானும் என் தங்கை தேவியும் விம்கோ நகரிலிருந்து ராயபுரம் போன பயணத்தையே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு நம்புவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தூரம் மொத்தம் பத்து கிலோமீட்டர் சொச்சம். சிரிக்காதீர்கள். அவனவன் மானசரோவர் போய்வந்து எழுதும்போது இவன் ராயபுரம் போனதை எழுதுகிறானே என்றுதானே நினைக்கிறீர்கள்? காலை நேரத்தில் ஒரு தடவை எங்கள் பாதையில் வந்து பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

போன காரணத்தை முதலில் சொல்கிறேன். தேவிக்குக் காவலர் வேலைக்கான உடல்தகுதித் தேர்வு. எழுத்துத் தேர்வு பாஸ். மிச்சம் இருந்தது நானூறு மீட்டர் ஓட்டமும் நீளம் தாண்டுதலும்தான். ராயபுரம் ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் ஒரு மைதானம், அங்கேதான் தேர்வு. ஒன்பது மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் முதலமைச்சர் வீட்டுப் பிள்ளை வந்தாலும் திறக்கமாட்டார்கள். அதற்கு முந்தின தடவையும் இதே தேர்வுக்குப் போனாள். வண்டி நடு வழியில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. சாத்தின கேட்டுக்கு வெளியே நின்று அழுதுவிட்டுத் திரும்பி வந்து, பழையபடி எறால் கம்பெனியில் ஐஸில் கை விறைக்க உரித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை விட்டால் வயசு வரம்பு தாண்டிவிடும். அதோடு கதை முடிந்தது.

இப்போது எங்கள் ரயிலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பாதையில் இருப்பது இரண்டே தண்டவாளம். எங்கள் லோக்கல், ஆந்திரா பக்கம் போகும் எக்ஸ்பிரஸ், அனல்மின் நிலையத்து நிலக்கரி கூட்ஸ் எல்லாம் அதில்தான் போயாக வேண்டும். மூணாவது லைன், நாலாவது லைன் வருகிறது வருகிறது என்று நான் அரை டவுசர் போட்ட காலத்திலிருந்து சொல்கிறார்கள். எனக்கே தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது, லைன் வரவில்லை. எக்ஸ்பிரஸ் வந்தால் நாங்கள் ஓரம் நிற்க வேண்டும், கூட்ஸ் வந்தாலும் நாங்கள்தான் ஓரம். கரிக்குக் கொடுக்கும் மரியாதை மனுஷனுக்குக் கிடையாது.

அதனால் தினமும் ஒரே பெட்டியில் ஏறும் எங்கள் பெட்டிக்காரர்களுக்குள் ஓர் ஏற்பாடு. எண்ணூரில் ஏறும் பஷீர் பாய், வண்ணாரப்பேட்டையில் லுங்கி வியாபாரம் செய்பவர், வண்டி எண்ணூரை விட்டதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். நான் சரோஜாக்காவுக்குக் கொடுப்பேன். அவர் ராயபுரத்தில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர், வாய் இருக்கிறதே, மைக்கே வேண்டாம். அவர் அடுத்தவருக்குக் கொடுப்பார். இப்படி ஒரே ஒரு மணியில் விம்கோ நகரில் எட்டுப் பத்து வீட்டில் இட்லியை அவசரமாக விழுங்குவார்கள். ஒரு பைசா செலவு கிடையாது. டைம்டேபிளில் பீச் வண்டி, அதாவது ராயபுரம் வழியாகப் பீச் ஸ்டேஷனுக்குப் போகும் எங்கள் வண்டி, விம்கோ நகருக்கு 7.42. அது வருவது எட்டு பத்துக்கு. மிஸ்டு கால் எட்டு மணி சுமாருக்கு அடிக்கும். மழையோ வெயிலோ இதில் மாற்றமே இல்லை.

இதற்கு முந்தைய பீச் வண்டியில், ஆறே காலுக்கே, போய்விடலாம் என்றுதான் தேவி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்காரர்கள் எல்லாம் சேர்ந்து அவளை அடக்கிவிட்டோம். "இன்னாத்துக்கு அங்க போயி மூணு மணி நேரம் வெயில்ல காயணும்? ஓடற பொண்ணு ஒயுங்கா தூங்கட்டும். நம்ம வண்டிலயே எட்டே முக்காலுக்குள்ள போயி எறங்கிடலாம்" என்றார் சரோஜாக்கா. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

திங்கட்கிழமை காலை மிஸ்டு கால் வந்தது. மணி ஏழு முப்பத்தி நாலு.

இங்கேதான் ஊரில் வேறு எவனும் செய்யாத தப்பைச் செய்தோம். மிஸ்டு கால் சரியான நேரத்துக்கு வந்ததால் ஒருத்தர்கூட நம்பவில்லை! முன்னால் போக வேண்டிய, ராயபுரம் பக்கமே போகாத சென்ட்ரல் வண்டி இப்போதுதான் எண்ணூரைத் தாண்டுகிறது போல, பாய் அதைப் பார்த்துத் தப்பாக மணி அடித்துவிட்டார் என்று நானே முடிவு கட்டினேன். சரோஜாக்காவும் அப்படியே நினைத்தார். எட்டு வீட்டிலும் அதே நினைப்பு. தேவி மட்டும் கேன்வாஸ் ஷூவின் லேஸைக் கட்டிக்கொண்டே, "ண்ணா, ஒருவேள நம்ம வண்டியா இருக்கப் போவுது?" என்று கேட்டாள். "போடி, நம்ம வண்டியாவது டயத்துக்கு வர்றதாவது" என்று சிரித்தேன்.

எட்டு மணி ஆகியும் மறு மணி வராததால் ஸ்டேஷனுக்கே போனோம். எங்கள் ஆட்கள் மொத்தமாக நிற்கிறார்கள், எழவு வீடு மாதிரி. டிக்கெட் கவுன்டர்காரர் எட்டிப்பார்த்து, "பீச் வண்டி கரெக்டா 7.42-க்குப் போயிடுச்சே" என்றார். என் வாழ்நாளில் அந்த வண்டி சரியான நேரத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை. அடுத்த பீச் வண்டி ஒன்பதே காலுக்கு. சென்ட்ரல் வண்டி எப்போது வரும் என்று கடவுளுக்கும் தெரியாது. தேவி என்னைத் திட்டவில்லை, கையிலிருந்த ஹால் டிக்கெட் உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைவிட நாலு அறை விட்டிருக்கலாம்.

அப்போது என் போன் அடித்தது. பஷீர் பாய்! நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. பாய் காசு செலவழித்துப் பேசுகிறார் என்றால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"தம்பி, எங்க போய்ட்டீங்க எல்லாரும்? பெட்டியே காலியா கீது! சரி, அத்த வுடு. வண்டி தண்டையார்பேட்டைல நின்னுகினு கீது. சிகப்பு. யார்டுலேர்ந்து கரி வண்டி வர்தாம், அது போனாதான் நமக்கு சிக்னலு. அந்தப் பொண்ண இட்டுகினு ஓடியா!"

சரோஜாக்கா டிபன் பையைத் தோளில் மாட்டினார். "இன்னாத்துக்கு நிக்கிறீங்க? ரயிலு இன்னா ஏரோப்ளேனா, தொரத்துனா சிக்காம போறதுக்கு?"

வெளியே ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. தலைக்குப் பத்து ரூபாய். எட்டுப் பேர் உட்கார வேண்டியதில் நாங்கள் பதினோரு பேர் அடைத்துக்கொண்டோம். டிரைவர் சின்ன வயசுக்காரர். விஷயத்தைச் சொன்னதும் பீடியைத் தூக்கிப் போட்டார். "இன்னா மாமு, ஆட்டோவ வச்சி ட்ரெயினத் தொரத்தணுமா? சோக்கா கீதே! கெட்டியாப் புடிச்சிக்கோங்க."

திருவொற்றியூர் நெடுஞ்சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் அதில் வரிசையாக நிற்கும், நகராது. டிரைவர்கள் இறங்கி, சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். நம்ம ஆள் அந்தப் பக்கமே போகவில்லை. சந்துக்குள் விட்டார், குழாயடியில் குடம் வரிசைக்கு நடுவே விட்டார், ஒரு பந்தல்காலை உரசிக்கொண்டு போனார். வழியெல்லாம் பெண்கள் கொடுத்த வாழ்த்துகளை இங்கே எழுத முடியாது. பாய் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டார். "இன்னும் சிகப்புதான்." "கரி வண்டி வந்துகினு கீது." "எஞ்சின் தாண்டிடுச்சி, சீக்கிரம்!"

தண்டையார்பேட்டை ஸ்டேஷனுக்கு அரை கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்று ஆட்டோவை மடக்கிவிட்டது. மணி எட்டு இருபத்தஞ்சு. "எறங்கி ஓடுங்க!" என்றார் டிரைவர். காசை நீட்டினால் வாங்கவில்லை. "மொதல்ல பொண்ணப் போவச் சொல்லு, துட்டு எங்க ஓடிடப் போவுது?"

தேவி ஓடினாள். அடேயப்பா! ஆறு மாசமாக விடியற்காலையில் கடற்கரை மணலில் ஓடிப் பழகினவள். நாங்கள் பத்துப் பேர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினோம். ஸ்டேஷன் வாசலுக்கு வந்தால் கூட்ஸ் இன்னும் கடகடவென்று போய்க்கொண்டிருந்தது. எத்தனை வருஷம் அந்தக் கரி வண்டியைச் சபித்திருப்பேன்! அன்றைக்கு மூச்சு வாங்கிக்கொண்டே வேண்டினேன்: ஆத்தா, இன்னும் பத்து வேகனாவது இருக்கணும். மாரியம்மனுக்குப் புரிந்ததோ இல்லையோ, வேகன் வந்துகொண்டே இருந்தது. மேம்பாலப் படியில் ஏறி இறங்கும்போதுதான் கூட்ஸின் கடைசிப் பெட்டியான கார்டு வண்டி தாண்டியது. பாய் வாசலில் தொங்கியபடி கையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். தேவி ஏறிவிட்டாள். நான் ஏறினேன். சிக்னல் மாறிவிட்டது. சரோஜாக்கா கடைசி. நாலு பேர் கையைப் பிடித்து இழுத்து அவரை உள்ளே போட்டதும் வண்டி நகர்ந்தது.

பெட்டியில் கிளம்பிய விசில் கொருக்குப்பேட்டை வரைக்கும் அடங்கவில்லை. "ஐயே, என் ரசம் ஊத்திக்கிச்சே" என்று சரோஜாக்கா பையைத் திறந்து பார்த்தார், அதற்கும் சிரிப்பு.

எட்டு நாற்பத்தாறுக்கு ராயபுரம். எட்டு ஐம்பத்தஞ்சுக்கு மைதானத்து வாசல். தேவி உறையைக் காட்டி உள்ளே போனாள். ஐந்து நிமிஷத்தில் காவலுக்கு நின்றவர் கேட்டைச் சாத்தித் தாழ் போட்டார். நான் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமே படவில்லை.

திரும்பிப் பார்த்தால் ஒருத்தர்கூடப் போகவில்லை. பாயின் கடை ஒன்பதுக்குத் திறக்க வேண்டும். சரோஜாக்காவுக்கு ஒன்பதரை தாண்டினால் அரை நாள் சம்பளம் கட். வருஷக்கணக்காக லேட்டு லேட்டு என்று அழுதவர்கள் அன்றைக்கு வேண்டுமென்றே லேட்டானார்கள். சுற்றுச்சுவர் ஓரமாக ஒரு செங்கல் குவியல் இருந்தது. அதில் ஏறி வரிசையாக எட்டிப்பார்த்தோம்.

பத்து மணிக்கு அவள் பேட்ச். விசில் அடித்ததும் முதல் வளைவில் மூணாவதாகத்தான் வந்தாள். "மெதுவாப் போறாளே" என்றேன். "வாய மூடு, பொண்ணு மூச்ச சேத்து வைக்கிது" என்றார் சரோஜாக்கா. கடைசி நூறு மீட்டரில் ஒரு பிடி பிடித்தாள் பாருங்கள்! முன்னால் போன இரண்டு பேரையும் தாண்டி முதலாவதாக வந்தாள். பாய் லுங்கிக் கட்டை என் தலையில் வைத்துவிட்டுக் கைதட்டினார். உள்ளே இருந்த அதிகாரி சுவர்ப் பக்கம் பார்த்து அதட்டினார். நாங்கள் குனிந்துகொண்டே கத்தினோம்.

நீளம் தாண்டுதலிலும் அவள் தேறியதைப் பார்த்துவிட்டு, பத்தரைக்கு மேல் அவரவர் வேலைக்குப் போனோம். என் முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "ட்ரெயின் லேட்டு சார்" என்றேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரோஜாக்கா கம்பெனியிலும் அதே பதிலாம், சூப்பர்வைசர் பாவப்பட்டு டீ வாங்கிக் கொடுத்தாராம்.

இனி வரப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திருவொற்றியூர் கோயிலுக்குத் திருவொற்றியூர் ஸ்டேஷனிலேயே இறங்குங்கள். ஏறும்போது வண்டியின் முகப்பில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: பீச் வண்டி வேறு, சென்ட்ரல் வண்டி வேறு. இரண்டும் கொருக்குப்பேட்டையில் பிரியும், மாறி ஏறினால் அம்போதான். ராயபுரத்துக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். பீக் நேரத்தில் கவுன்டரில் நிற்பதற்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். எண்ணூர் கடற்கரையில் கல் கொட்டியிருக்கிறது, சின்னப் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். பசித்தால் ஸ்டேஷன் வாசலில் காலை ஏழு மணிக்கே சுடச்சுட இட்லி, வடகறி கிடைக்கும். முக்கியமாக, டைம்டேபிளை நம்பாதீர்கள். லேட்டாகத்தான் வரும் என்றும் நம்பிவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து. பரீட்சை, இன்டர்வியூ என்றால் ஒரு வண்டி முன்னாலேயே போய் வெயிலில் காயுங்கள், தப்பில்லை. மூணாவது லைனுக்கு இப்போது தூண் நடுகிறார்கள் என்று கேள்வி. பார்த்தால்தான் நம்புவேன்.

தேவி பயிற்சி முடிந்து போன மாதம் லீவில் வந்தாள். காக்கி உடுப்பில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வீடு திரும்பும் வண்டியில் ராயபுரத்தில் எங்களோடு ஏறினாள். பெட்டியே எழுந்து இடம் கொடுத்தது. பாய் லட்டு டப்பாவைத் திறந்தார். வழக்கம்போல கொருக்குப்பேட்டை தாண்டினதும் வண்டி நின்றது. பக்கத்து லைனில் கரி வண்டி, ஆடி அசைந்து, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

சரோஜாக்கா லட்டை மென்றுகொண்டே ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "இன்னா போலீஸு, சும்மா குந்திகினு கீறே? எறங்கிப் போயி அந்தக் கூட்ஸ இய்த்துகினு போயி உள்ள போடு!"

தேவி எழுந்து, தொப்பியைத் தலையில் வைத்து, கூட்ஸை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த ஒரு தபா வுட்டுடலாங்கா. எனக்கு வேல வாங்கிக் குடுத்த வண்டி."