சனிக்கிழமை யுகுலேலே பார் செல்வம் அண்ணன்

செல்வம் அண்ணன் போய்விட்டார். நேற்றுக் காலை காரைக்குடி வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஹார்ட் அட்டாக்.

இன்று எல்லோருடைய டைம்லைனிலும் அந்த ஒரே வீடியோதான். 'குட்டி ரயிலே' பாட்டு. அண்ணனே எழுதி மெட்டுப் போட்டது என்று போட்டிருக்கிறீர்கள்.

என்னால் ஷேர் பண்ண முடியவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்கு... நான் ரிசப்ஷனில் வேலை பார்க்கும் ஹோட்டலுக்கு அவர் பார் மேனேஜர். பழைய பங்களாவின் கார் ஷெட்தான் பார். உட்காருவதற்கு சலூன் நாற்காலிகள், சுவரில் ஓடாத ரயில்வே கடிகாரம்... எல்லாம் பழைய சாமான் கடைகளில் அவரே பொறுக்கியது.

சனிக்கிழமை சாயங்காலம் அங்கே யுகுலேலே ஓபன் மைக். கிட்டார் குட்டி போட்ட மாதிரி இருக்கும், நாலே கம்பி. டூரிஸ்ட்கள், காலேஜ் சார், எதிர்க்கடை மெக்கானிக்... யாரும் ஏறலாம். தப்பாக வாசிப்பவர்களுக்குத்தான் அண்ணன் முதலில் கை தட்டுவார்.

நானும் வாசிப்பேன். பாட மட்டும் மாட்டேன்.

மருமகள் பாருக்குப் போகிறாள் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து என் மாமியாரிடம் பேசியவர் அவர்தான். அந்த அளவுக்கு நம்பினேன்.

ஒரு மத்தியானம் பார் காலியாக இருந்தது. அவரிடம் மட்டும் அந்தப் பாட்டைப் பாடிக் காட்டினேன். என் மகள் காய்ச்சலில் தூங்காமல் அழுதபோது நான் கட்டிய தாலாட்டு. இன்னொரு தடவை பாடச் சொன்னார். போனில் பதிந்துகொண்டார்.

சில மாதம் கழித்து மகள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அம்மா, செல்வம் மாமா நம்ம பாட்டப் பாடுறாக."

யூடியூப் பேட்டி. யாருக்காக எழுதினீர்கள் என்று கேட்கிறார்கள். தன் மகளுக்காக என்கிறார், கண் கலங்கியபடி.

அவருக்குப் பிள்ளையே கிடையாது.

நேரே போய்க் கேட்டேன். கிளாஸ் துடைப்பதை நிறுத்தாமலே சொன்னார், "நீங்கதான் பாட மாட்டேன்னுட்டீகளே. பாட்டு சும்மாதான கெடந்துச்சு."

என் பெயரையாவது போடுங்கள் என்றேன். சரி என்றார். போடவில்லை.

சனிக்கிழமை போவதை விட்டுவிட்டேன். டியூட்டியில் பார்த்தால் ரூம் நம்பர், பில்... அதோடு சரி.

நேற்று அவர் வீட்டு வாசலில், சுடுகாட்டு வண்டி வருவதற்கு முன்னால், நம் சனிக்கிழமை ஆட்கள் யுகுலேலேயோடு நின்றார்கள். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவுக பாட்ட நீ பாடும்மா. ஒனக்குத்தான் அது முழுசாத் தெரியும்னு சொல்லுவாக."

அண்ணியிடம் போய் நான் என்ன சொல்ல... பாடினேன்.

கடைசி வரியில் என் மகள் பெயர் வரும். வீடியோவில் அண்ணன் அந்த இடத்தில் 'கண்மணி' என்று மாற்றிப் பாடியிருப்பார்.

நான் 'யாழினி' என்றே பாடினேன். சத்தமாக.

யாழினி யார் என்று யாரும் கேட்கவில்லை.

போயிட்டு வாங்கண்ணே. கோவம் இன்னும் தீரல.